பினாங்கில் மெய்யியல் கல்வி: எந்த மொழியில் கற்றோம்?

மெய்யியலை இளங்கலைப் பட்டமாகக் கற்பது பற்றியும், அக்கல்விக்கும் நம் மொழிக்கும் உள்ள உறவு பற்றியும் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம். தமிழாசிரியரும் மாணவரும் கூடும் அவைக்கு இப்பொருள் சற்று அயலானதாகத் தோன்றலாம். ஆயினும், ஆறாம் படிவ வகுப்புகளில் பணியாற்றியோர் அனைவரும் இக்கேள்வியை ஒருமுறையேனும் எதிர்கொண்டிருப்பர். நன்கு படிக்கும் மாணவர் ஒருவர், பலர் முன்னிலையில் கேட்கத் தயங்கி, வகுப்பு முடிந்தபின் வந்து நிற்பார். தாம் மெய்யியல் படிக்க விரும்புவதாகச் சொல்வார். அதற்கு நாம் தரும் மறுமொழி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பது. மற்றொன்று, "மெய்யியல் நமக்குப் புதியதா? திருக்குறளிலும் சைவ சித்தாந்தத்திலும் இல்லாததா?" என்பது. முதல் மறுமொழி கவலையிலிருந்து எழுவது. அதற்குரிய நேர்மையான விடையை இவ்வுரையின் இறுதியில் காண்போம். இரண்டாவது பெருமிதத்திலிருந்து எழுவது. மாணவரின் கேள்வியை அது கேள்வியாகவே விட்டுவைப்பதில்லை. நூல் நம்மிடம் இருப்பதனாலேயே அந்நூல் கற்பிக்கும் துறையும் நம்மிடம் இருக்கிறது என்று அது கருதிக்கொள்கிறது. அக்கருத்து எத்துணை உண்மை என்பதை இத்தீவின் வரலாற்றையும் தமிழின் வரலாற்றையும் இணைத்துப் பார்த்து ஆராய்வோம்.

இலத்தீன் வகுப்பறை

பினாங்கில் மெய்யியல் ஒழுங்கான பாடமாகக் கற்பிக்கப்பட்டது பல்கலைக்கழகம் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே ஆகும். பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் ஆசிய இளைஞரைக் குருத்துவப் பணிக்குப் பயிற்றுவதற்காக 1665இல் சயாம் நாட்டின் அயுத்தியாவில் ஒரு கல்லூரியை நிறுவினர். பொதுக் கல்லூரி என்னும் பொருள்படும் பெயர் அதற்கு வழங்கிற்று. பர்மியப் படையெடுப்பால் அயுத்தியா அழிவுற்ற காலத்தில் அக்கல்லூரி இடம்பெயர்ந்தது. முதலில் இன்றைய வியத்நாமின் தென்மேற்குக் கரையோரப் பகுதிக்கும், பின்னர் 1770ஐ ஒட்டித் தமிழகக் கடற்கரைக்கும் சென்றது. புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டை அடுத்துள்ள வீராம்பட்டினத்தில் அது சில ஆண்டுகள் நடைபெற்றது. அங்கு அதனை நடத்தியவர் பிக்னோ த பெகேன் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். வீராம்பட்டினக் கல்லூரி நிலைக்கவில்லை. 1808இல் அக்கல்லூரி பினாங்கில் மீண்டும் தோன்றிற்று. புலாவ் திக்குஸ் பகுதியில் நெடுங்காலம் இருந்து, 1980களில் தஞ்சோங் பூங்காவுக்கு மாறிற்று.

இக்கல்லூரியில் வியத்நாமியரும் சீனரும் சயாமியரும் பர்மியரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். அவர்களுக்குப் பொதுவான தாய்மொழி எதுவும் இல்லை. எனவே இலத்தீன் கற்றல் முதற்படியாகவும், இலத்தீன் வழியே மெய்யியல் கற்றல் அடுத்த படியாகவும், இறையியல் அதற்கும் அடுத்த படியாகவும் அமைந்தன. மெய்யியல் அங்கே இறையியலுக்கு வாயிலாக இருந்தது. வாயிலைக் கடக்காமல் உள்ளே செல்ல இயலாது. வாயிலிலேயே தங்கிவிடுவதும் நோக்கமன்று.

இக்கல்லூரியின் மாணவருள் ஒருவரை நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டும். வியத்நாமியரான துருவோங் வின் கீ 1850களில் பினாங்கில் பயின்றவர். பன்மொழிப் புலமையால் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர். குருத்துவப் பணியை மேற்கொள்ளாமல் நாடு திரும்பிய அவர், வியத்நாமிய மொழியை இலத்தீன் எழுத்தால் எழுதும் குவோக் ஙூ முறையில் உரைநடை வளர்வதற்குப் பெரும்பணி ஆற்றினார். அம்முறையில் 1865இல் தொடங்கிய முதற் செய்தித்தாளை 1869 முதல் நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. பினாங்கில் அயல்மொழியில் பெற்ற பயிற்சியை அவர் தம் மொழியின் உரைநடைக்குத் திருப்பினார். கற்றது எம்மொழியில் என்பதோடு, கற்றதை எம்மொழிக்குக் கொண்டு சேர்த்தனர் என்பதும் கல்வி வரலாற்றில் கேட்கத்தக்க கேள்வி என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

ஆங்கிலமும் மலாயும்

1816இல் ஜார்ஜ் டவுனில் அச்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு இலவசப் பள்ளி தோன்றிற்று. தொடர்ந்து வந்த நூற்றாண்டில் இத்தீவின் ஆங்கிலப் பள்ளிகள் எழுத்தரையும் ஆசிரியரையும் வழக்குரைஞரையும் மருத்துவரையும் உருவாக்கின. உயர்கல்வி வேண்டுவோர் கடல் கடந்தனர். 1920களின் இறுதியில் சிங்கப்பூரில் இராபிள்ஸ் கல்லூரி தொடங்கப்பட்டபோதும் அதன் கலைப்பிரிவு ஆங்கிலம், வரலாறு, புவியியல், பொருளியல் முதலிய பாடங்களையே சார்ந்திருந்தது. குடியேற்ற ஆட்சிக்கு வேண்டியவர் யார் என்பதை அப்பாடப்பட்டியலே சொல்லிவிடும்.

1949இல் இராபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1950களின் தொடக்கத்தில் அங்கு மெய்யியல் இடம்பெற்றது. பினாங்கு மாணவர் ஒருவர் மெய்யியலை இளங்கலைப் பாடமாக இம்மண்டலத்திலேயே கற்கும் வாய்ப்பு அப்பொழுது உருவாயிற்று. ஆனால், 1962இல் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது மெய்யியல் துறை சிங்கப்பூரில் தொடர்ந்தது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. இரண்டு அரசியல் நிகழ்வுகள் ஒரு கல்வித்துறையை எல்லைக்கு அப்பால் நிறுத்திவிட்டன.

1969இல் பினாங்கிலேயே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. பினாங்குப் பல்கலைக்கழகம் என முதலில் பெயர்பெற்று, பிரிட்டிஷ் படையினரின் பழைய முகாமாகிய மிண்டன் வளாகத்தில் நிலைபெற்ற அதுவே இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அதன் பெயர் அறிவியலைச் சுட்டினாலும் அங்கு மானுடவியற் கல்விக்கும் தனிப்பள்ளி உண்டு. மெய்யியல், நாகரிகம் சார்ந்த பாடங்களும் அப்பள்ளியில் இடம்பெற்றுள்ளன. மேலும், 2019 முதல் நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் 'மெய்யியலும் நடப்புச் சிக்கல்களும்' என்னும் பொருள்படும் பாடம் இளங்கலை மாணவர்க்குப் பொதுவாக வைக்கப்பட்டது. பொறியியல் பயில்வோரும் கணக்கியல் பயில்வோரும் ஒரு பருவம் மெய்யியலைத் தொட்டுச் செல்கின்றனர்.

இங்கே சொல் ஒன்றைக் கவனிப்போம். மலாயில் மெய்யியலை 'பல்சபா' என்பர். 'அறிவின்மீது அன்பு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அரபு வழியாக மலாய்க்கு வந்து அவ்வடிவம் பெற்றது. ஆங்கிலத்திலும் மலாயிலும் ஆய்வுப் பட்டம் பெற்றவரின் பட்டப்பெயரிலேயே மெய்யியல் என்னும் சொல் நிற்கிறது. தமிழில் நாம் 'முனைவர்' என அழகிய சொல் கண்டோம். அச்சொல்லில் மெய்யியலின் நிழல் இல்லை. இது குறையன்று. ஆயினும், பட்டத்தின் பெயரில் இல்லாத அத்துறை நம் வகுப்பறையிலாவது இருக்கிறதா என்று வினவுவதற்கு இது தூண்டுகிறது.

ஆக, இத்தீவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மெய்யியல் கற்கப்பட்டுள்ளது. இலத்தீனில் கற்றனர், ஆங்கிலத்தில் கற்றனர், மலாயில் கற்கின்றனர். தமிழர் இத்தீவில் தொடக்கம் முதல் வாழ்ந்துவந்துள்ளனர். தமிழில் அறிவு விவாதமும் இங்கே குறைவின்றி நடந்தது. நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கிலிருந்து நடத்திய இதழுக்கு 'வித்தியா விசாரிணி' என்று பெயர்; கல்வியை விசாரிப்பவள் என்பது அதன் பொருள். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.இராமசாமி பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியபோது, கடவுளும் சாதியும் பகுத்தறிவும் பற்றிய வாதங்கள் இந்நாட்டுத் தமிழர் நடுவே வலுப்பெற்றன. இதழிலும் மேடையிலும் கேள்வி எழுந்தது. அக்கேள்வியை மூன்றாண்டு அமர்ந்து முறையாக ஆராயும் தமிழ் வகுப்பறை மட்டும் எழவில்லை.

நூல் இருந்தது, பாடம் இல்லை

தமிழுக்கு இவ்வாற்றல் இல்லாமையால் இவ்வாறு நேர்ந்ததா? இவ்வினாவிற்கு மணிமேகலையே விடை கூறும். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய அக்காப்பியத்தின் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் பல்சமய ஆசிரியரை ஒருவர்பின் ஒருவராக அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி முதல் பூதவாதி வரை அனைவரும் தத்தம் நிலைப்பாட்டை எடுத்துரைக்கின்றனர். 29ஆம் காதையில் அவள் காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவையியலையே பாடமாகக் கேட்கிறாள். பக்கம், ஏது, திட்டாந்தம் என வாதத்தின் உறுப்புகள் அங்கே பிரித்துக் காட்டப்படுகின்றன. அதன்பின், வாதம் எவ்வெவ்வாறு பிழைபடும் என்பது போலிகளின் வரிசையாக விரிகிறது: பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி. ஏதுப்போலி மட்டும் அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படும். பௌத்த அளவையாளர் திக்நாகர் மரபில் வளர்ந்த இக்கல்வி தமிழ்ச் செய்யுளில் முழுப்பாடமாக அமைந்துள்ளது.

அதன் நுட்பத்தை உணர நம் கொடிமலையை நோக்கினால் போதும். விடியற்காலையில் மலைமேல் வெண்மையாக ஏதோ படிந்திருக்கிறது. 'மலையில் நெருப்பு உண்டு. ஏனெனில் புகை தெரிகிறது' என்று ஒருவர் வாதிடுகிறார். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்னும் விதியில் பிழை இல்லை. அடுக்களை என்னும் எடுத்துக்காட்டிலும் பிழை இல்லை. ஆனால், தெரிவது புகையா பனியா என்பதே இன்னும் ஐயத்தில் இருக்கிறது. ஐயத்திலுள்ள ஒன்றை ஏதுவாக வைத்து முடிவு காண்பது போலி. மணிமேகலை இதனைச் சித்தாசித்தம் எனப் பெயரிட்டு, அசித்த வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. கைப்பேசியில் வரும் செய்தியை நம் மாணவர் ஒருவர் ஆராயாமல் பிறர்க்கு அனுப்பி, அதன்மேல் ஒரு முடிவையும் கட்டுகிறார் எனில், அவர் செய்வது இப்பிழையே. இதற்குத் தமிழில் பெயர் உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை? நூல் இருந்தும் அதனைக் கற்பிக்கும் மரபு அறுந்துபோனதே காரணம். உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்டபோது, சுவடியில் எழுத்துகள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. பெரும்புலவரிடம் பாடங்கேட்ட அவருக்கே பௌத்தக் கலைச்சொற்கள் புரியவில்லை. விளக்கம் கேட்கத்தக்க தமிழ்ப்புலவரும் கிடைக்கவில்லை. மளூர் இரங்காசாரியார் என்னும் கல்லூரி ஆசிரியர் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயர் அதைக்கொண்டு மணிமேகலையை விளங்கிக்கொண்டார். 1898இல் நூல் அச்சேறிற்று. தமிழ்க் காப்பியம் ஒன்றின் பொருளை அறிய ஆங்கில நூல்களின் துணை வேண்டியதாயிற்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஓலை பல நூற்றாண்டு தாங்கும். ஆனால், ஆசிரியரும் மாணவரும் எதிரெதிர் அமர்ந்து வாதிடும் பழக்கம் நின்றுபோனால், அவ்வோலை பூட்டிய பெட்டியாகிவிடும்.

மடமும் கல்லூரியும் பிரிந்த கதை

தமிழகத்தின் பிற மெய்யியல் மரபுகள் இவ்வாறு அறுபடவில்லை. சைவ சித்தாந்தம் திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய மடங்களில் தொடர்ந்து பாடமாக இருந்தது. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளோடு தொடங்கும் சிவஞான சித்தியார், தன் பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கும் முறையையும் கற்பித்தது. ஆனால், 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பட்டம் இம்மரபோடு தொடர்பின்றி ஆங்கிலத்தில் வளர்ந்தது. மடத்தில் கற்றவர்க்குப் பட்டம் இல்லை. பட்டம் பெற்றவர்க்கு மடத்தின் பாடம் தெரியாது.

அப்பட்டத்தின் புகழ்பெற்ற மாணவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் மெய்யியலைத் தேர்ந்ததற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. பட்டப்படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் மெய்யியல் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். நூல் வாங்கும் செலவு மிச்சமாயிற்று. பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவரான அவருடைய கல்விப்பாதை அவ்வாறு தொடங்கிற்று. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக அவர் 1908இல் தம் ஆய்வேட்டை எழுதினார். கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. விடையும் ஆங்கிலத்தில் சென்றது. இதே காலப்பகுதியில் நீதித்துறையில் பணியாற்றிய ஜே.எம்.நல்லசாமிப் பிள்ளை 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1897 முதல் 'சித்தாந்த தீபிகை' வெளிவரத் துணைநின்றார். அவர் பல்கலைக்கழகத்திற்கு வெளியே நின்று, அலுவல் நேரம் போக எஞ்சிய நேரத்தில் இப்பணியைச் செய்தவர். இருவரும் பெரியோர். இருவர் உழைப்பும் தமிழ் மெய்யியலை உலகுக்கு உரைக்க உதவிற்றேயன்றி, தமிழில் மெய்யியல் வகுப்பை உருவாக்க உதவவில்லை. அக்காலம் அதற்கு இடம் தரவில்லை.

யாழ்ப்பாணம் காட்டும் வழி

தமிழில் மெய்யியலைப் பட்டப்படிப்பாகக் கற்க இயலும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் மெய்யியல் துறை உண்டு. அங்கு அறிவாராய்ச்சியியலும் ஒழுக்கவியலும் அழகியலும் தமிழில் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. பிளேட்டோவையும் காண்ட்டையும் பற்றி அங்கு மாணவர் தமிழில் தேர்வெழுதுகின்றனர்.

இது எவ்வாறு கைகூடியது என்பதை ஆராய்ந்தால் ஒரு சங்கிலித் தொடர் புலப்படும். இலங்கையின் கல்விப் பொதுத் தராதர உயர்தரத் தேர்வில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்பது ஒரு பாடம். பள்ளியில் அப்பாடம் இருப்பதனால் அதைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் வேண்டுமாதலால் மெய்யியல் பட்டதாரிக்குப் பணி உண்டு. பட்டம் பெற விரும்புவோர் இருப்பதனால் பல்கலைக்கழகத்தில் துறை நிற்கிறது. துறை நிற்பதனால் பாடநூல்கள் எழுதப்படுகின்றன. பாடநூல்கள் எழுதப்படுவதனால் கலைச்சொற்கள் நிலைபெறுகின்றன. இச்சங்கிலியின் முதற்கண்ணி பள்ளி.

கலைச்சொற்களைச் சற்றுக் காண்போம். பொது உண்மையிலிருந்து சிறப்பு முடிவுக்கு வருவது உய்த்தறிதல். தனித்தனிச் செய்திகளிலிருந்து பொது உண்மைக்கு வருவது தொகுத்தறிதல். வாதத்திற்கு அடிப்படையாக வைக்கப்படும் வாக்கியம் எடுகூற்று. இரண்டு எடுகூற்றுகளும் ஒரு முடிவும் கொண்ட வாதம் நியாயத்தொடை. வாதத்தில் நேரும் பிழை போலி. மணிமேகலை வழங்கிய அதே சொல், இடையில் நெடுங்காலம் உறங்கியிருந்தும், ஈழத்து மாணவரின் தேர்வுத்தாளில் இன்று உயிரோடு நடமாடுகிறது. அகராதியில் சேர்ப்பதனால் மட்டும் ஒரு சொல் வாழ்வதில்லை. பதினெட்டு வயது மாணவர் அதைத் தவறாக எழுதி, ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தி, மாணவர் மீண்டும் சரியாக எழுதும்போதுதான் அது வாழத் தொடங்குகிறது.

இளங்கலைப் பட்டத்தின் இன்றியமையாமையும் இதில்தான் உள்ளது. முனைவர் பட்ட ஆய்வு ஒருவரை ஒரு சிறு பொருளில் ஆழச் செலுத்தும். சமயச் சொற்பொழிவு கேட்போரை ஒரு கொள்கையில் உறுதிப்படுத்தும். இளங்கலை மாணவரோ, தாம் ஏற்காத கொள்கையையும் அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைக்கக் கற்கிறார். பின்னர் அதை மறுக்கிறார். பின்னர்த் தம் மறுப்பையே ஐயுறுகிறார். வஞ்சி மாநகரில் மணிமேகலை செய்ததும் இதுவே. அவளும் இளையவள்தான்.

மலேசியத் தமிழர் முன்பு செய்தது

இந்நாட்டில் இத்தகைய முயற்சி இயலாது என்று எண்ணுவோர்க்கு நம் வரலாறே மறுமொழி தரும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைப்பது பற்றிய பேச்சு எழுந்தபோது, அறிவுரை கூற அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி சமற்கிருதத்திற்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். தமிழுக்கே முதன்மை வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ.சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டப்பட்டது. உழைப்பாளர் பலர் சிறு சிறு தொகைகளாக அதில் பங்குகொண்டனர். 1956இல் தோன்றிய துறையில் தமிழ் நிலைபெற்றது. பல்கலைக்கழகத்தின் படியேறாத மக்கள், பல்கலைக்கழகத்தில் என்ன கற்பிக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பங்குபெற்ற வரலாறு இது.

1961இல் அத்துறைக்கு வந்த தனிநாயகம் அடிகள் குருமடத்தில் மெய்யியலும் உரோமையில் இறையியலும் கற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றவர். பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணும் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். கோலாலம்பூரில் அவர் நிகழ்த்திய பேராசிரியர் பதவியேற்பு உரை இந்தியச் சிந்தனையையும் உரோமானிய இசுடோயிக் மெய்யியலையும் ஒப்பிட்டது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அவர் கோலாலம்பூரில் கூட்டினார். சங்க இலக்கியத்தையும் செனிக்காவையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க அவருக்கு உதவியது இளமையில் பெற்ற மெய்யியற் பயிற்சி என்று கருத இடமுண்டு.

பினாங்கிலும் இம்மரபுக்கு ஒரு கண்ணி உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லோகநாதன் தொல்காப்பியத்தையும் மெய்கண்டார் மரபு நூல்களையும் பொருள்கோளியல் நோக்கில் ஆராய்ந்து எழுதினார். அவர் முடிவுகள் சிலவற்றை ஏற்பாரும் உண்டு, ஏற்காதாரும் உண்டு. ஆனால், அம்முடிவுகளை ஏற்கவோ மறுக்கவோ பயிற்சி பெற்ற மாணவர் கூட்டம் ஒன்று தமிழில் இருந்திருப்பின், அவர் எழுத்து இன்னும் கூர்மையான வாதத்தைச் சந்தித்திருக்கும். தனித்து நிற்கும் அறிஞர்க்கு நாம் புகழைத் தருகிறோம். அவருக்கு மிகவும் வேண்டிய ஒன்றாகிய எதிர்வாதத்தைத் தர நம்மிடம் ஆளில்லை.

நாம் செய்யத்தக்கவை

இனி, வகுப்பு முடிந்தபின் வந்து நிற்கும் மாணவருக்குத் திரும்புவோம். வேலை பற்றிய கேள்விக்கு நாம் மழுப்பாமல் விடை கூற வேண்டும். நம் பள்ளிகளில் மெய்யியல் தனிப்பாடமாக இல்லை. பிரான்சில் இடைநிலைக் கல்வியின் இறுதியாண்டில் அது பாடம். இலங்கையில் அளவையியல் பாடம். இங்கு அந்நிலை இல்லை. ஆகவே, மெய்யியல் பட்டத்தைக் காட்டி நேரே நுழையத்தக்க பணி இந்நாட்டில் அரிது. சட்டம், இதழியல், கல்வி, பொது நிருவாகம் போன்ற துறைகளில் அப்பயிற்சி உதவும். ஆனால் பெரும்பாலும் அதனோடு மற்றொரு தகுதியும் வேண்டியிருக்கும். குடும்பத்தின் சுமை தோளில் உள்ள மாணவரிடம் இதை மறைப்பது அறமன்று. இதை அறிந்தபின்னும் அவர் விரும்பினால், அவரைத் தடுப்பதும் அறமன்று. முதன்மைப் பாடம் வேறாக இருக்க, மெய்யியலைத் துணைப்பாடமாகக் கொள்ளும் வழியையும் அவருக்குக் காட்டலாம்.

பெருமிதத்திலிருந்து எழும் மறுமொழியை மட்டும் நாம் கைவிட வேண்டும். 'எல்லாம் நம்மிடம் உண்டு' என்பதற்குப் பதிலாக, 'நம்மிடம் உள்ளதை உன்னோடு சேர்ந்து படிப்போம்' என்று சொல்லலாம். எசு.பி.எம். தமிழ் இலக்கியம் கற்பிப்போரும் ஆறாம் படிவத்தில் தமிழ் கற்பிப்போரும் ஆண்டுக்கு இரண்டு பாடவேளையை அளவைக்கு ஒதுக்க இயலும். கொடிமலைப் பனியிலிருந்து தொடங்கலாம். ஒரு நாளிதழ்க் கட்டுரையை எடுத்து அதன் எடுகூற்று எது, முடிவு எது, போலி எங்கே என்று மாணவரைக் கேட்கலாம். திருக்குறள் அதிகாரம் ஒன்றை மனனம் செய்தபின், அதற்கு மறுப்பு எழுதுக என்றும் பணிக்கலாம். வள்ளுவர் அதனால் சிறுமையடையார், மாணவர் வளர்வார்.

பல்கலைக்கழக மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பருவமேனும் மெய்யியலை மலாயில் கற்க நேர்கிறது. அவ்வகுப்பில் நீங்கள் எதிர்கொள்ளும் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நேரான தமிழ்ச்சொல்லைக் குறித்து வாருங்கள். யாழ்ப்பாணப் பாடநூல்களில் தேடுங்கள். தமிழகப் பாடநூல்களில் தேடுங்கள். கிடைக்காவிடில் ஆசிரியரோடு அமர்ந்து ஆக்குங்கள். மும்மொழிச் சொற்பட்டியல் ஒன்று அவ்வாறு உருவானால், பின்வருவோர் அதில் கால் ஊன்றி நிற்பர். துருவோங் வின் கீ இத்தீவிலிருந்து திரும்பிச் சென்றபோது தம் மொழிக்குச் செய்த பணியும் இத்தகைய சிறு தொடக்கங்களிலிருந்தே விரிந்தது.

தமிழில் மெய்யியல் இளங்கலைப் பட்டம் இந்நாட்டில் நாளையே தோன்றிவிடும் என்று நாம் கூறவில்லை. துறை என்பது கட்டடம் அன்று. பள்ளி, ஆசிரியர், நூல், சொல், வாதிடும் பழக்கம் ஆகியவற்றின் தொடர். அத்தொடரின் முதற்கண்ணி பள்ளி என்பதை யாழ்ப்பாணம் காட்டியது. அக்கண்ணி நம் கையில் உள்ளது. அடுத்த முறை ஒரு மாணவர் வகுப்பு முடிந்தபின் வந்து நிற்கும்போது, அவரை அமரச் சொல்லி, அவர் கேள்வியை முழுதாகக் கேட்போம்.